அவையோர் இல்லாத அரங்கு

மாதவி ஆடிய அரங்கின் அளவைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஒரு தச்சரின் கணக்கேடு போலத் துல்லியமாகக் கூறுகிறது. இருபத்து நான்கு பெருவிரல் நீளமுடையது ஒரு கோல். அக்கோலால் அளக்க ஏழு கோல் அகலம். எட்டுக் கோல் நீளம். தரையிலிருந்து ஒரு கோல் உயரம். உட்புகவும் வெளியேறவும் இரண்டு வாயில்கள். தூண்களின் நிழல் ஆடுமிடத்திலும் அவையிலும் விழாதவாறு நிறுத்தப்பட்ட விளக்குகள். ஒருபுறமிருந்து இழுக்கப்படுவது, இருபுறமிருந்தும் வந்து பொருந்துவது, மேலிருந்து இறங்குவது என மூவகைத் திரைகள். ஐந்தாம் அகவையில் தொடங்கி ஏழாண்டு பயின்ற சிறுமி ஒருத்தி, பன்னிரண்டாம் அகவையில் அத்தகைய அரங்கில் வலக்கால் வைத்து ஏறினாள். ஆடி முடித்தபோது தலைக்கோல் பட்டமும், பச்சை மாலையும், 1,008 கழஞ்சுப் பொன்னும் அவளுக்குக் கிடைத்தன.

அரங்கின் அளவும், விளக்கின் இடமும், திரையின் வகையும், ஈற்றில் வழங்கப்பெற்ற பொன்னின் எடையும் ஒரே காதையில் இடம்பெற்றிருப்பது தற்செயலன்று. கலைஞர் ஒருவரின் முதல் மேடையேற்றம் என்பது அவர்தம் திறமையால் மட்டும் நிகழ்வதன்று. இடம் வேண்டும், ஒளி வேண்டும், எதிரே அமர்ந்து காண்போர் வேண்டும், ஆடிய கால்களுக்கு உணவளிக்கும் ஊதியமும் வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் கலை குறைபடும். எல்லாமே ஒரே நாளில் இல்லாமற் போனால் என்னாகும்? இவ்வினா 2020ஆம் ஆண்டில் உலகின் எல்லா நாட்டு இளங்கலைஞர்கள் முன்னும் வந்து நின்றது. அதற்கு விடை தேடிய ஊர்களுள் ஒன்று, தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் மாநிலத்தில் உள்ள மக்காண்டா.

மக்காண்டா பெரிய நகரமன்று. 1812இல் ஆங்கிலேயர் அமைத்த படைமுகாமாகத் தோன்றி, அதனை அமைத்த படைத்தலைவர் கிரஹாமின் பெயரால் கிரஹாம்ஸ்டவுன் என நெடுங்காலம் வழங்கிய ஊர் அது. 1819இல் கோசா இனத்து வீரரும் அருளாளருமான மக்காண்டா அந்த முகாமைத் தாக்கித் தோல்வியுற்றார். பின்னர்ச் சரணடைந்த அவரை ராபன் தீவில் சிறைவைத்தனர். அங்கிருந்து தப்ப முயன்றபோது கடலில் மூழ்கி மாண்டார். நெல்சன் மண்டேலா பிற்காலத்தில் பதினெட்டு ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்த அதே தீவுதான் அது. வென்றவரின் பெயரைத் தாங்கி நின்ற ஊர், 2018இல் தோற்றவரின் பெயரை ஏற்றுக்கொண்டது.

அந்த ஊரின் குன்றின்மேல், 1820இல் வந்து குடியேறிய ஆங்கிலேயரின் நினைவாக ஒரு பெரிய கட்டடம் 1974இல் திறக்கப்பட்டது. தேசியக் கலை விழா அவ்வாண்டிலிருந்தே தன் அகவையைக் கணக்கிட்டுக்கொள்கிறது. குடியேறியவர்களின் மொழியையும் மரபையும் போற்றுவதற்கெனத் தோன்றிய விழா, காலப்போக்கில் அந்நாட்டின் எல்லா இனத்தாரும் வந்து கூடும் விழாவாக மாறியது. 1994இல் தீக்கிரையான அக்கட்டடத்தைப் புதுப்பித்தபோது, 1996இல் அதனை மீண்டும் திறந்துவைத்தவர் மண்டேலாவே. கல்லும் மரமும் மாறாதிருக்க, அவற்றின் பொருள் மட்டும் மாறிவிட்ட விந்தையை அந்தக் குன்றில் காணலாம்.

விழா நடைபெறுவது அந்நாட்டின் குளிர்காலத்தில். சூன் மாத இறுதியில் எலும்பை ஊடுருவும் குளிரில் நாடகக் குழுக்களும், நடனக் குழுக்களும், இசைஞரும் அவ்வூருக்கு வந்து சேர்வர். பள்ளி மண்டபம் நாடகக் கொட்டகையாகும். தேவாலயக் கூடம் இசையரங்காகும். உடற்பயிற்சிக் கூடத்தில் நடனம் நடைபெறும். பல்கலைக்கழக மாணவர் விடுமுறைக்குச் சென்றபின் அவர்களுடைய விடுதி அறைகளில் விருந்தினர் தங்குவர். வீட்டுக்காரர்கள் தங்கள் அறைகளை வாடகைக்கு விடுவர். வேலையின்மை மிகுந்த அச்சிற்றூரில் அடுப்பு எரிவதற்கு அந்தப் பத்துப் பதினொரு நாள் வருவாயை நம்பியிருக்கும் குடும்பங்கள் பல.

அவ்விழாவில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, விழாக்குழுவினர் தேர்ந்தெடுத்து அழைக்கும் நிகழ்ச்சிகள். மற்றொன்று, எவரும் பதிவு செய்துகொண்டு, தம் செலவில் வந்து, தம் கலையைக் காட்டும் விளிம்பு விழா. இந்த இரண்டாம் வழக்கத்தின் தாயகம் ஸ்காட்லாந்தின் எடின்பரோ. 1947இல் அங்கே முதன்முதலாகப் பன்னாட்டு விழா நடந்தபோது, அழைக்கப்படாத எட்டு நாடகக் குழுக்கள் தாமாகவே வந்து, விழாவின் ஓரத்தில் இடம்பிடித்து நடித்தன. அழைக்காத வீட்டிற்கு விருந்துண்ணப் போகலாகாது என்பது உலக வழக்கு. கலைக்கு அந்த வழக்குப் பொருந்தாது போலும். அன்று ஓரத்தில் நின்ற எட்டுக் குழுக்களின் வழிவந்த விழா இன்று அழைப்பு விழாவைக் காட்டிலும் பன்மடங்கு பெரிதாகிவிட்டது. இளங்கலைஞர் பலருக்கு வாய்க்கும் முதல் அரங்கு இந்த விளிம்புதான்.

விளிம்பிலிருந்து நடுவுக்கு வந்தவர்களை எண்ணிப் பார்த்தால் அதன் அருமை புலப்படும். மக்காண்டா விழா இளங்கலைஞர்க்கென 1981 முதல் விருதுகள் வழங்கி வந்துள்ளது. 1987இல் அவ்விருதைப் பெற்ற ஓவியர் வில்லியம் கென்ட்ரிட்ஜ் இன்று உலகறிந்தவர். 2008இல் நடனத்திற்காக அவ்விருது பெற்றவர் டாடா மசீலோ. சொவேட்டோவில் பிறந்து, ஜோகானஸ்பர்க்கிலும் பின்னர் பிரசெல்சிலும் பயின்ற அவர், ஐரோப்பியரின் பழம்பெரும் பாலே நடனமாகிய அன்னப் பொய்கையை 2010இல் புதிதாகப் படைத்தார். ஆண்களும் பெண்களும் ஒருசேர வெண்ணிறப் பாலே பாவாடை அணிந்து, வெறுங்காலுடன், ஆப்பிரிக்க அடவுகளைக் கலந்து ஆடினர். ஓரினக் காதலுக்காகப் பழிக்கப்படும் ஓர் இளவரசனின் துயரத்தை அப்பழங்கதைக்குள் அவர் வைத்தார். பிற்காலத்தில் அப்படைப்பு பல நாட்டு அரங்குகளைக் கண்டது.

இவர்களெல்லாம் அரங்கிற்குள் ஆடியவர்கள். அரங்கிற்கு வெளியே வேறொரு கலைஞர் கூட்டமும் உண்டு. ஊரின் வறிய பகுதிகளிலிருந்து வரும் சிறுவர் சிறுமியர் முகத்தில் வெண்சாயம் பூசிக்கொண்டு, விழா நாள்களில் தெருவோரங்களில் சிலைபோல் அசையாமல் நிற்பர். வருவோர் ஒரு நாணயத்தை இட்டால் சிலை உயிர்பெறும். சில நொடிகள் அசைந்துகாட்டி மீண்டும் சிலையாகும். அவர்களுக்கு விருதில்லை, பயிற்சிப் பள்ளியுமில்லை. அது கலையா, இரத்தலா எனக் கேட்போரும் உண்டு. பள்ளியில் இருக்கவேண்டிய பிள்ளைகள் குளிரில் நிற்பதைக் கண்டு வருந்துவோரும் உண்டு. இரு சாராரின் கவலையிலும் நியாயம் இருக்கிறது. ஆயினும் ஒன்றை மறுத்தல் இயலாது. விழாவிலேயே மிகக் குறுகிய படைப்பு அவர்களுடையது. காண்பவர் எதிரே நின்றாலன்றி அது தொடங்குவதே இல்லை.

2020 மார்ச் 15ஆம் நாள் தென்னாப்பிரிக்க அரசு கொவிட் தொற்றினைத் தேசியப் பேரிடராக அறிவித்தது. 26ஆம் நாள் நள்ளிரவு முதல் நாடு முழுவதும் கதவடைத்துக்கொண்டது. உடற்பயிற்சிக்காக வீட்டைவிட்டு வெளியே நடப்பதும் அந்தத் தொடக்க நாள்களில் விலக்கப்பட்டிருந்தது. எடின்பரோ தன் ஆகஸ்டு மாத விழாக்களைக் கைவிட்டதாக ஏப்ரல் முதல் நாள் அறிவித்தது. மக்காண்டா விழாக்குழுவினர் வேறொரு முடிவெடுத்தனர். சூன் 25 முதல் சூலை 5 வரை, குறித்த பதினொரு நாளிலும் விழா நடக்கும். ஆனால் ஊரில் நடவாது, இணையத்தில் நடக்கும் என்றனர். அரங்கம் அடைபட்டதால் உள்ளங்கை அகலமே உள்ள கைப்பேசித் திரை அரங்கமாயிற்று.

ஏழு கோல் அகலத்திற்குப் பழகிய கால்கள் அவ்வளவு சிறிய இடத்தில் எப்படி ஆடும்? உலகெங்கும் அவ்வாண்டில் இளங்கலைஞர் இதற்குக் கண்ட வழிகள் பலவாயினும் அவற்றிற்கு ஒரு பொதுத்தன்மை இருந்தது. இருந்த இடத்தையே அரங்காக்கினர். சமையற்கட்டில் நடனம் பிறந்தது, மாடிப்படி மேடையாயிற்று, சன்னல் வெளிச்சம் விளக்காயிற்று, கட்டில் விரிப்பு எழினியாயிற்று. முழுநீள நாடகங்கள் சுருங்கிப் பத்து நிமிடப் படைப்புகளாயின. ஒருவரே எழுதி, நடித்து, படம்பிடித்து, தொகுத்து முடிக்கவேண்டியவராயினார்.

குறுகிய படைப்பென்பது குறைபட்ட படைப்பன்று. ஏழு சீர்களுக்குள் அறத்தையும் பொருளையும் இன்பத்தையும் அடக்கிக் காட்டிய மொழிக்கு இதனை எடுத்துரைக்கவேண்டியதில்லை. ஆனால் வள்ளுவரின் சுருக்கம் அவர் விரும்பித் தேர்ந்த வடிவம். இணைய விழாக்களின் சுருக்கத்திற்கோ வேறொரு காரணமும் இருந்தது. அதனை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம்.

தென்னாப்பிரிக்காவில் இணையத் தரவு விலை மிகுதி என்று மக்கள் 2016இலேயே கிளர்ந்தெழுந்து முறையிட்டனர். 2019 டிசம்பரில் அந்நாட்டுப் போட்டி ஆணையம் விலையைக் குறைக்குமாறு பெருநிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. அதன் பயனாக 2020 ஏப்ரல் முதல் நாள் வோடகாம் நிறுவனம், ஒரு கிகாபைட் கொண்ட முப்பது நாள் பொதியின் விலையை 149 ராண்டிலிருந்து 99 ராண்டாகக் குறைத்தது. அவ்வாண்டு மார்ச் முதல் அந்நாட்டுத் தொழிலாளியின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 20.76 ராண்டு. சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரம் படம் பார்த்தால் ஏறத்தாழ ஒரு கிகாபைட் செலவாகும். எனவே குறைந்தபட்ச ஊதியம் பெறும் தொழிலாளி ஒருவர் ஒரு மணி நேர நாடகத்தைக் கைப்பேசியில் பார்க்க, நுழைவுச் சீட்டுக்கு முன்பே, ஏறத்தாழ ஐந்து மணி நேர உழைப்பைத் தரவுக்குக் கொடுக்கவேண்டும். பத்து நிமிடப் படைப்பாயின் முக்கால் மணி நேர உழைப்போடு போகும்.

வேறு வகையான மலிவுப் பொதிகளும் இருந்தன. வீட்டிலேயே கம்பியிணைப்பு உடையவர்க்கு இக்கணக்குப் பொருந்தாது என்பதும் உண்மையே. ஆயினும் ஒன்று விளங்கும். இணையவெளியில் எல்லாரும் சமம், அங்கே முன்வரிசையும் பின்வரிசையும் இல்லை என்று கூறுவோர் கூற்று முழு உண்மையன்று. அங்கும் முன்வரிசை உண்டு. அதில் அமர்வோர் தடையற்ற இணைப்புடையோர். கொட்டகைக்கு வெளியே நின்று ஓலை இடுக்கின் வழியே எட்டிப்பார்த்துக் கூத்துக் கண்ட ஏழைச் சிறுவர்க்கு அக்காலத்தில் இருந்த இடுக்குகூட இங்கு இல்லை.

இசைஞரின் துன்பம் இன்னொரு வகையினது. பத்து மீட்டர் தொலைவில் நின்று வாசிக்கும் ஒருவரின் ஒலி மற்றவர் செவியை அடைய ஏறத்தாழ நொடியில் நூற்றில் மூன்று பங்கு நேரமாகும். அதற்கு மேல் தாமதித்தால் சேர்ந்திசைப்போரின் தாளம் தடுமாறத் தொடங்கும். இணையத்தின் வழியே ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு ஒலியும் காட்சியும் சென்றுசேரப் பெரும்பாலும் அதனைவிடப் பன்மடங்கு நேரமாகிறது. ஆகவே, திரையில் பல கட்டங்களுக்குள் பலர் ஒன்றாக வாசிப்பதாகத் தோன்றிய காட்சிகளுள் மிகப் பலவும் உண்மையில் ஒன்றாக வாசிக்கப்பட்டவை அல்ல. ஒருவர் முதலில் வாசித்துப் பதிவு செய்வார். அதனைக் காதில் மாட்டிக் கேட்டுக்கொண்டே அடுத்தவர் தம் பகுதியை வாசிப்பார். பின்னர் ஒருவர் அவற்றைப் பொருத்துவார். கண்ணுக்குக் கூட்டமாகத் தெரிந்தது, நிகழ்ந்தபோது தனிமையாகவே இருந்தது.

நடிப்போர்க்கு நேர்ந்த இழப்போ அளவிடற்கரியது. நகைச்சுவை நடிகர் ஒருவர் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுச் சிறிது நிறுத்துவார். அவையில் சிரிப்பெழும், அது உச்சத்தை எட்டித் தணியும் வேளையறிந்து அடுத்த சொல்லைத் தொடங்குவார். அந்த நிறுத்தத்தின் நீளத்தை அவருக்குக் கற்பித்தது ஆசிரியரல்லர், அவையோரே. துயரக் காட்சியில் எங்கோ பின்வரிசையில் எழும் ஒரு செருமல், முன்வரிசையில் ஒருவர் மூச்சடக்கும் அமைதி, இவையெல்லாம் நடிகருக்கு வழிகாட்டும் விளக்குகள். படக்கருவியின் முன் இவை எதுவுமில்லை. முதிர்ந்த கலைஞர்க்குப் பழைய அவைகளின் நினைவு துணைநிற்கும். ஓர் அவையையும் காணாமல் முதற்படைப்பைத் திரையில் தரவேண்டியிருந்த இளையோர், நீரில் இறங்காமலே நீச்சல் கற்றவர் போன்றவராயினர்.

எனினும் இழப்பை மட்டும் எண்ணுவது நேர்மையாகாது. மக்காண்டாவுக்குச் சென்றுவரப் பயணச் செலவும் தங்கும் செலவும் இல்லாமையால் பல்லாண்டுகளாக விளிம்பு விழாவின் விளிம்பிற்கும் வெளியே நின்றவர்கள், தம் ஊரில் இருந்தவாறே பங்குபெறும் வாய்ப்பு அவ்வாண்டில் தோன்றியது. நடக்க இயலாதவர், முதியோர், கைக்குழந்தையை விட்டு வர முடியாத தாய்மார் ஆகியோர் அரங்கின் படியேறாமலே கலையைக் கண்டனர். கோலாலம்பூருக்கும் மக்காண்டாவுக்கும் ஆறு மணி நேர வேறுபாடு. அங்கே இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் நாடகம் இங்கே நள்ளிரவு கடந்து ஒரு மணிக்கு நிகழும். பதிவு செய்யப்பட்ட படைப்பிற்கோ அந்த இரவும் பகலும் தடையாவதில்லை. கடல்கடந்த ஒருவரின் பத்து நிமிடக் கலையைத் தம் வீட்டுக் கூடத்தில் இருந்தபடி காண்பது என்பது முந்தைய தலைமுறையினர்க்கு எட்டாத பேறு.

நாட்டியம் ஆடுவோரின் உடலோடு பிறந்து அவ்வுடலோடு மறைவது. சிற்பிக்குக் கல்லுண்டு, புலவர்க்கு ஏடுண்டு, ஆடுவோர்க்கு அத்தகைய ஒன்றில்லை. தஞ்சை பாலசரசுவதியின் ஆட்டத்தை 1976இல் சத்தியஜித் ராய் படமாக்கினார். அப்படம் அவர்தம் கலையின் முழுமையன்று என்று கூறுவோரும், அதுவேனும் கிட்டியதே என்று ஆறுதல் கொள்வோரும் உளர். டாடா மசீலோ 2024 டிசம்பர் 29ஆம் நாள் தம் முப்பத்தொன்பதாம் அகவையில் மறைந்தார். அவரை இனி எந்த அரங்கும் காணப்போவதில்லை. அவர் ஆடிய படங்கள் மட்டும் எஞ்சியிருக்கின்றன. அரங்கிற்கு மாற்றாகத் திரையை வைத்துப் பார்க்கும்போது அது வறியதாகத் தோன்றுகிறது. மறதிக்கு எதிராக வைத்துப் பார்க்கும்போது அதே திரை விலைமதிப்பற்றதாகி விடுகிறது.

ஆனால் அந்தப் பதினொரு நாளிலும் மக்காண்டாவின் தெருக்கள் எப்படியிருந்திருக்கும் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். விழா நடந்தது, ஊருக்கு எவரும் வரவில்லை. அறைகள் பூட்டிக் கிடந்தன. சந்தைக் கடைகள் விரிக்கப்படவில்லை. வெண்சாயம் பூசி நின்ற பிள்ளைகளுக்கு நாணயமிடும் கைகள் இல்லை. பள்ளி மண்டபத்து நாடகத்தைத் திரைக்கு மாற்றலாம்; தேவாலயத்து இசையை மாற்றலாம். காண்பவர் எதிரே வந்து நின்றால் மட்டுமே உயிர்பெறும் அந்தச் சிலையை எந்தத் திரைக்கு மாற்றுவது? புதிய கருவி ஒன்று வரும்போது அது யாரை உள்ளே அழைத்தது என்பதைப் பலர் பேசுவர். யாரை அது அழைக்கவே முடியாமற் போயிற்று என்பதைப் பேசுவோர் சிலரே.

காலம் மாறியது. 2022இல் மக்கள் மீண்டும் மக்காண்டாவின் அரங்குகளில் தோளோடு தோள் உராய அமர்ந்தனர். 2024இல் விழா தன் ஐம்பதாம் ஆண்டைக் கண்டது. திரை அரங்கை அழித்துவிடும் என்று அஞ்சியவர் அச்சமும் பலிக்கவில்லை. அரங்கிற்கு இனித் தேவையே இல்லை என்று முழங்கியவர் முழக்கமும் பலிக்கவில்லை. பெருவெள்ளத்தின்போது ஓடம் கரையைக் காத்தது. வெள்ளம் வடிந்தபின் ஓடத்தை எரிப்பதும் பேதைமை. கரையில் வீடு கட்டாமல் ஓடத்திலேயே வாழ்வதும் பேதைமை.

இதில் கற்பிப்போர் எண்ணிப் பார்க்கத்தக்கது ஒன்றுண்டு. இன்று பேச்சுப் போட்டியும், கவிதை ஒப்புவித்தலும், கதை சொல்லலும் கைப்பேசியில் பதிவாகி அனுப்பப்படும் காலம் வந்துவிட்டது. மாணவர் ஒருவர் சுவரை நோக்கிப் பேசுகிறார். பிழைபட்டால் அழித்துவிட்டு மீண்டும் பேசுகிறார். பத்தாம் முறை பிழையின்றி அமைகிறது. பிழை நீங்குவது நன்றே. ஆனால் பிழைபட்டபோது அவையிலிருந்து ஒரு முகம் புன்னகைத்து, அஞ்சற்க, மேலே சொல் என்று கண்ணால் கூறியிருக்கும் அல்லவா? அந்தப் புன்னகையைப் பெற்றவரே மறுமுறை மேடையேறும் துணிவைப் பெறுவர். பத்து முறை அழித்தெழுதிய பதிவு அந்தத் துணிவைத் தருவதில்லை.

மாதவிக்குச் சோழன் அவை வாய்த்தது. மக்காண்டாவின் இளைஞர்க்குப் பள்ளி மண்டபமும், பின்னர் உள்ளங்கைத் திரையும் வாய்த்தன. ஒவ்வொரு தலைமுறையிலும் அரங்கின் அளவு மாறும், விளக்கு மாறும், திரை மாறும். கலை கற்கும் பிள்ளைக்கு முதல் அவையாக அமரவேண்டியவர் பெரும்பாலும் ஆசிரியரே. எந்தத் திரையின் வழியாக அப்பிள்ளை ஆடினாலும், இப்பால் ஒருவர் உண்மையாகவே அமர்ந்து, இறுதிவரை கண்டு, கண்டதை அப்பிள்ளையிடம் ஒரு சொல்லேனும் கூறுவாராயின், அது அவையோர் இல்லாத அரங்கு ஆகாது.